வாயைக் கட்டினால் போதுமா?

“வாயைக் கட்டினால் உடம்பு தானாகக் குறையும்” என்பார்கள். திருவொற்றியூரில் என் அக்கா மகள் மூன்று மாதம் அரைவயிறு சாப்பிட்டுப் பத்து கிலோ குறைந்தாள். ஒரே வருஷத்தில் அத்தனையும் திரும்பி வந்துவிட்டது. சொந்தக்காரர்களின் கேலியில் பெண் குன்றிப்போனாள்.

காரணம் என்ன தெரியுமா? எடை குறைந்ததும் உடம்பு பஞ்சம் வந்ததாக நினைத்துச் செலவைச் சுருக்கிக்கொள்கிறது. பசியைத் தூண்டும் கிரெலின் கூடுகிறது. ‘போதும்’ என்று சொல்லும் லெப்டின் குறைகிறது. ஒரு வருஷம் கழித்தும் இது சரியாவதில்லை என்று 2011-ல் மெல்போர்ன் ஆய்வு காட்டியது.

இப்போது அவளுக்கு அளவான சோறு, நிறையக் காய், காசிமேட்டு மீன் குழம்பு. எண்ணூர் சாலையில் கண்டெய்னர் லாரி பயம். அதனால் தாயும் மகளும் தியாகராஜர் கோயில் மாடவீதியில் நடக்கிறார்கள். எடை மெதுவாகத்தான் இறங்குகிறது, இறங்கட்டுமே!

உங்கள் வீட்டிலும் இப்படியொரு பிள்ளை இருந்தால், தட்டைப் பார்த்துக் குத்திப் பேசாதீர்கள். கூடவே நடந்து போங்கள்.