ஆடிக்காற்றும் எம் சிறு காரும்

'ஆடிக்காற்றில் அம்மியும் பறக்கும்' என்பது நம் நாட்டுப் பழமொழி. அம்மி பறந்ததை யாம் கண்டதில்லை. ஆயின், அம்மியினும் பன்மடங்கு கனமுடைய கார் ஒன்று அக்காற்றினால் தன் வழியினின்றும் விலகியதை யாம் கண்ணாரக் கண்டிருக்கின்றோம். அக்காரை ஓட்டியவர் எம் தந்தையார். அவரருகே அமர்ந்திருந்தவர் யாமே. தமிழ் பயிலும் மாணவர்க்குக் காரைப்பற்றி எழுத உரிமை யாது என்று அன்பர் சிலர் வினவக்கூடும். அறிந்தமையால் எழுதவில்லை, அறியாமையால் ஒரு பெரும் பிழை செய்தோம், அதனாலேயே எழுதுகின்றோம்.

எம் இல்லம் நாகர்கோவிலில் உள்ளது. எம் தந்தையார் பணகுடிப் பக்கத்தே ஒரு பள்ளியில் ஆசிரியப் பணி புரிபவர். நாடோறும் காலையில் தோவாளை, ஆரல்வாய்மொழி, முப்பந்தல், காவல்கிணறு ஆகிய ஊர்களைக் கடந்து சென்று, மாலையில் அவ்வழியே மீள்வார். கீழ்காற்றைக் கொண்டல் என்றும், மேல்காற்றைக் கோடை என்றும், தென்காற்றைத் தென்றல் என்றும், வடகாற்றை வாடை என்றும் நம் முன்னோர் வகுத்தனர். அவற்றுள் கோடை குடிகொண்ட இடம் ஆரல்வாய்மொழிக் கணவாய் என்னலாம். தென்மேற்குப் பருவக்காலத்தில் மேற்குமலைத் தொடர்மீது மோதும் காற்று, அம்மலையின் இடைவெளியாகிய இக்கணவாயிற் புகுந்து நெருக்குண்டு விரைகின்றது. முப்பந்தலைச் சூழ்ந்து நூற்றுக்கணக்கில் நிற்கும் காற்றாலைகளே அதற்குச் சான்று.

இவ்வழியில் ஒரு நுட்பம் உண்டு. நாகர்கோவிலிலிருந்து காவல்கிணறு வரையிற் சாலை பெரும்பாலும் வடகிழக்கு நோக்கிச் செல்வதால் காற்றுப் பின்னின்று தள்ளும். அது பயணிக்கு நன்மையே. காவல்கிணற்றைக் கடந்ததும் சாலை வடக்கு நோக்கித் திரும்பும். அவ்விடத்திலிருந்து மேல்காற்று வண்டியின் இடப்பக்கத்தே நேரே அறையும். மாலையில் மீளும்போது அதுவே வலப்பக்கத்தே அறையும்.

எம் கார் பழையது, மற்றொருவரிடமிருந்து வாங்கப்பட்டது, எழுநூறு கிலோ நிறையும் பன்னிரண்டங்குலச் சக்கரமும் உடையது. எஞ்சின் முன்புறத்தே உள்ளது. 2023-ஆம் ஆண்டு ஆடிமாதத்தில் ஒருநாள், எமக்குக் கல்லூரி விடுமுறையாதலின், தந்தையாருடன் புறப்பட்டோம். காவல்கிணற்றுக்கு அப்பால், இடப்பக்கத்தே சென்ற ஒரு லாரியைக் கடக்க முற்பட்டார் அவர். அதுகாறும் காற்றை எதிர்த்து ஸ்டியரிங்கைச் சற்றே இடப்புறம் பிடித்திருந்தார். லாரியின் மறைவிற் புகுந்ததும் காற்று நின்றது. பிடித்த பிடியோ நின்றபடியே இருந்தது. கார் லாரியின் சக்கரங்களை நோக்கித் தாவிற்று. தந்தையார் வலப்புறம் திருப்பினார். அக்கணமே லாரியின் மறைவு நீங்கியது. காற்று மீண்டும் அறைந்தது. கார் சாலை நடுவிலுள்ள அரளிச் செடிகளின்மேல் ஏறுமோ என்னும்படி ஓடிற்று. ஒருவாறு நேர்ப்படுத்தினார். பள்ளி வாயிலை அடையும் வரையில் இருவரும் வாய் திறந்திலேம்.

அன்றிரவு எம் அன்னையார், "இந்த வண்டியை விற்றுவிடுங்கள்" என்றார்கள். விற்றால் வேறு வாங்க வழியில்லை என்பது வீட்டில் அனைவரும் அறிந்ததே. அப்போது யாம் அறிவுரை கூறப் புகுந்தோம். "வண்டிக்குக் கனம் போதாது, அதனாலேதான் காற்று அசைக்கின்றது. டிக்கியில் மணல்மூட்டை வைத்தால் அசையாது" என்றோம். அம்மியின் பழமொழியே எம் அறிவியலாயிற்று. தந்தையார் பிள்ளையின் சொல்லை மறுக்கவில்லை. முப்பது கிலோ மூட்டை இரண்டினை யாமே தூக்கிப் பின்புறத்தில் வைத்தோம். அவ்விரவு நன்றாக உறங்கினோம்.

மறுநாள் மாலை அவர் ஒரு மணிநேரம் தாழ்த்து வந்தார். முகம் வெளிறியிருந்தது. காரின் இடப்பக்கச் சக்கரங்களில் சாலையோரத்துச் செம்மண் அப்பியிருந்தது. "மூட்டையை இறக்கிவிடு, மக்களே" என்று மட்டும் சொல்லி உள்ளே சென்றார். காற்று வலப்புறமிருந்து அறைய, கார் மூக்கை இடப்புறம் திருப்பித் தாரை விட்டிறங்கியதும், ஒரு சிறு பாலத்தின் கைப்பிடிச் சுவருக்குச் சாண் தொலைவில் நின்றதும் பிற்பாடே எமக்குத் தெரியவந்தன. எம்மை அவர் ஒரு சொல்லும் கடிந்திலர். கடிந்திருந்தால் எமக்கு ஆறுதலாயிருந்திருக்கும்.

சனிக்கிழமை காலை வடசேரியில் உள்ள ஒரு மெக்கானிக்கிடம் காரைக் கொண்டு சென்றோம். முதியவர், எம் தந்தையாரை 'வாத்தியார் சார்' என்று அழைப்பவர். மணல்மூட்டைக் கதையை யாமே ஒப்புக்கொண்டோம். அவர் நகைத்திலர். அருகே கிடந்த தென்னை மட்டை ஒன்றை எடுத்து எம் கையிற் கொடுத்தார். "இதைக் கனமான தலைப்பக்கம் முன்னாக இருக்கும்படி எறி, மக்களே" என்றார். எறிந்தோம், நேரே போய் விழுந்தது. "இனி நுனிப்பக்கம் முன்னாக எறி" என்றார். எறிந்தோம், நடுவழியிலே திரும்பிப் புரண்டு விழுந்தது. "நீ மூட்டை வைத்தது நுனி முன்னாக எறிந்ததுபோல. கனம் எவ்வளவு என்று காற்றுக் கேட்காது, எங்கே என்றுதான் கேட்கும்" என்றார்.

இவ்வுரையின் பொருளைக் கல்லூரியிற் பௌதிகம் பயிலும் நண்பர் ஒருவரின் துணையாற் பின்னர்த் தெளிந்தோம். ஓடும் காரின்மேல் பக்கக்காற்றின் விசை முழுவதும் ஒரு புள்ளியில் விழுவதாகக் கொள்ளலாம். அப்புள்ளி பெரும்பாலான கார்களில் நடுவுக்கு முன்னே அமைகின்றது. காரின் எடை மையமும் ஒரு புள்ளி. விசைப்புள்ளி எடை மையத்திற்கு எவ்வளவு முன்னே உள்ளதோ, அவ்வளவு நீளமுள்ள நெம்புகோலைக் கொண்டு காற்றுக் காரின் மூக்கைத் திருப்புகின்றது. எஞ்சின் முன்னேயுள்ள காரில் எடை மையமும் முன்னே இருப்பதால் அந்நெம்புகோல் குறுகியது. யாம் பின்புறத்தே அறுபது கிலோ ஏற்றி எடை மையத்தைப் பின்னே தள்ளி, காற்றின் கையில் நீண்ட நெம்புகோலைக் கொடுத்தோம். முன்சக்கரங்களின் பாரத்தையும் குறைத்து, ஸ்டியரிங்கின் பிடியையும் தளர்த்தினோம். அம்பின் தலையில் இரும்பும் வாலில் இறகும் வைத்த வேடன் எம்மினும் அறிவுடையவன்.

இவ்வுண்மை அறிந்தபின் இறகின்மேல் எமக்கு ஆசை பிறந்தது. நூலகத்திற் புகுந்து தேடினோம். செக்கோஸ்லோவாக்கியாவில் ஹான்ஸ் லெட்விங்கா என்னும் பொறியாளரின் கீழ் உருவாகி 1934-ஆம் ஆண்டில் வெளிவந்த டாட்ரா 77 என்னும் கார், எஞ்சினைப் பின்புறத்தே கொண்டது. அதன் முதுகின்மேல் மீன்துடுப்பைப் போன்ற நெடுந்தகடு ஒன்று அமைந்திருந்தது. 1955 முதல் 1957 வரை லெ மான் பந்தயத்தில் வென்ற ஜாகுவார் டி-டைப் கார்களிலும் ஓட்டுநரின் தலைக்குப் பின்னே அத்தகைய துடுப்பு உண்டு. உலகெங்கும் புகழ்பெற்ற ஃபோக்ஸ்வாகன் பீட்டிலோ பின்னே எஞ்சினை உடையதாயினும் துடுப்பில்லாதது. பக்கக்காற்றில் அலையும் இயல்பினது என்று பேர்பெற்றது.

"நாமும் ஒரு துடுப்பு வைத்தால் என்ன?" என்று மெக்கானிக்கை வினவினோம். "வாலிலே தகடு வைத்தால் மூக்குத் திரும்புவது குறையும்; ஆனால் காற்றுத் தள்ளுவதற்கு இன்னும் கொஞ்சம் இடம் கொடுத்ததாகும். வண்டியோ பக்கவாட்டில் மேலும் நகரும். அதைக் கண்டால் ஆர்.டி.ஓ.வும் விடமாட்டார்" என்றார். உற்பத்தியாளர் குறித்த அமைப்பினின்றும் வண்டியை மாற்றுதலை 1988-ஆம் ஆண்டு மோட்டார் வாகனச் சட்டத்தின் 52-ஆம் பிரிவு தடுக்கின்றது என்பதைப் பின்னர் அறிந்தோம். மிக அகன்ற டயர் பூட்டலாமோ என்று தந்தையார் கேட்டதற்கும் அவர் இசைந்திலர். அது சக்கர வளைவில் உரசும் என்றார்.

பின் என்னதான் செய்தார்? புதிதாக ஒன்றையும் சேர்த்திலர், கெட்டிருந்தவற்றைச் சீர்செய்தார். முதலாவது, டயர்களின் காற்று. நான்கும் நான்கு விதமாக இருந்தன. ஒன்று மிகத் தளர்ந்திருந்தது. தளர்ந்த டயரின் பக்கச்சுவர் வளைவதால் கார் அதன்மேல் ஊசலாடும். கதவுச் சட்டத்தில் ஒட்டிய தாளிற் கண்ட அளவுப்படி, டயர் குளிர்ந்திருக்கும்போதே காற்றடைத்தார். இரண்டாவது, தேய்ந்த டயர் இரண்டினை மாற்றிப் புதியனவற்றைப் பின்புறத்தே பூட்டினார். முன்புறத்தேயன்றோ பூட்டவேண்டும் என்றோம். "முன்சக்கரம் வழுக்கினால் ஓட்டுபவருக்குத் தெரியும், பின்சக்கரம் வழுக்கினால் வண்டி சுழன்ற பிறகுதான் தெரியும்" என்றார். மூன்றாவது, டைராடு எண்டு ஒன்றில் ஆட்டம் இருந்தது. ஸ்டியரிங்கை இரண்டு விரற்கடை திருப்பினாலும் சக்கரம் அசையவில்லை. அவ்விரண்டு விரற்கடையும் காற்றுக்கு நாம் இட்ட மானியம். அதனை மாற்றினார். நான்காவது, எண்ணெய் கசிந்த பின் ஷாக் அப்சார்பர்களை மாற்றினார். ஐந்தாவது, மேற்கூரைக் கேரியரைக் கழற்றினார். கூரைமேல் உள்ளது எதுவாயினும் காற்றுக்குப் பாய் விரித்ததாகும், காரின் எடை மையத்தையும் உயர்த்தும். ஆறாவது, அலைன்மெண்ட் பார்க்கும்படி அனுப்பினார். டிக்கியில் இருந்த விடைத்தாட் கட்டுகளும் பழம்புத்தகங்களும் வீட்டில் இறங்கின.

புறப்படும்போது அம்முதியவர் தந்தையாரிடம், "நான் செய்தது பாதி, வாத்தியார் சார். மீதி உங்கள் காலில் இருக்கிறது" என்றார். தந்தையாரின் முகம் சற்றுச் சுருங்கிற்று. காலை வழிபாட்டுக் கூட்டத்திற்கு ஒருநாளும் தாழ்ந்ததில்லை என்பது அவர் பெருமை. அப்பெருமையின் விலை, காவல்கிணற்றுக்கு அப்பால் மணிக்கு 80 கிலோமீட்டர்.

அன்றிரவு யாம் ஒரு தாளில் கணக்கிட்டோம். காற்று மணிக்கு 50 கிலோமீட்டர் வேகத்தில் நேர்பக்கமாக வீசுகின்றது எனக் கொள்வோம். கார் 80-இல் ஓடினால், செங்கோண முக்கோண விதிப்படி காரைத் தாக்கும் காற்றின் வேகம் ஏறத்தாழ 94. கார் 50-இல் ஓடினால் அது ஏறத்தாழ 71. காற்றின் அமுக்கமோ வேகத்தின் வர்க்கத்தைப் பொறுத்தது. வர்க்கங்கள் 8900-மும் 5000-மும் ஆகும். அதாவது, வேகத்தைக் குறைத்த மாத்திரத்தில் அமுக்கத்தில் ஏறத்தாழ நூற்றுக்கு நாற்பத்துநான்கு பங்கு குறைகின்றது. அன்றியும், ஒரு நொடி நேரத்தில் 80-இல் ஓடும் கார் 22 மீட்டரைக் கடக்கும். 50-இல் ஓடுவது 14 மீட்டரையே கடக்கும். பிழையைத் திருத்துவதற்கு நிலமும் நேரமும் மிகுதியாகின்றன.

தாளைத் தந்தையாரின் மேசைமேல் வைத்தோம். மணல்மூட்டை வைத்த கைதானே என்று ஒதுக்குவாரோ என அஞ்சினோம். நெடுநேரம் நோக்கியிருந்தார். கணக்காசிரியராதலின் பென்சிலெடுத்து வர்க்கங்களைச் சரிபார்த்தார். பின்னர், "இருபது நிமிடம் முன்னே புறப்பட வேண்டும்" என்றார். அடுக்களையிலிருந்து அன்னையார், "நான் ஐந்து மணிக்கே எழுந்துகொள்கிறேன்" என்றார்கள். காப்பி போடும் கடமையை யாம் ஏற்றோம். எம் தம்பி ஞாயிறுதோறும் டயர்க்காற்றை அளப்பதாக உறுதி கூறினான்.

அவ்வாரத்தில் ஒருநாள் மீண்டும் அவருடன் சென்றோம். காற்று முன்போலவே வீசிற்று. காவல்கிணற்றில் திரும்பியதும் தந்தையார் வேகத்தைத் தணித்தார். காற்று அறைந்தது, கார் அசைந்தது, ஆயின் மூக்குத் திரும்பவில்லை. இரு கையாலும் ஸ்டியரிங்கை இறுகப் பற்றாது உறுதியாகப் பிடித்து, சிறிது சிறிதாகவே திருத்தினார். முன்னே ஒரு லாரி சென்றது. அதனைக் கடக்க அவர் முயன்றிலர். பின்னால் வந்த கார்கள் ஒலியெழுப்பிக் கொண்டு கடந்து சென்றன. எம் தந்தையாரை மற்றவர் முந்திச் செல்வதை அன்றுதான் முதன்முதலாக மகிழ்ச்சியோடு கண்டோம்.

எம் சிறு கார் இன்னும் சிறு காரே. காற்று அதனை அசையாமல் விட்டுவிடும் என்று யாம் கூறவில்லை. பெரிய கருவி ஒன்று நம்மைக் காக்கும் என்று தேடியலைந்தோம். காத்தவையோ ஒரு தேய்ந்த முனை, ஒரு தளர்ந்த டயர், ஒரு வீண்சுமை ஆகியவற்றைச் சீர்செய்ததும், இருபது நிமிட உறக்கத்தை விட்டதுமே. அன்புடையாரின் உயிர்க்கு அறிவுரை கூறுமுன் அதனை ஒருமுறை ஆராய்தல் வேண்டும் என்பதையும் கற்றோம். அம்மணல்மூட்டைகள் இரண்டும் இன்றும் எம் வீட்டுக் கொல்லையில் உள்ளன. அவற்றை அகற்றவேண்டா என்று யாமே கேட்டுக்கொண்டோம்.