ஓர் உறையில் இரு வாள்

ஓர் உறையில் இரு வாள்களைச் செருக இயலாது என்பது நம் முன்னோர் வாக்கு. ஆட்சிக்கும் குடும்பத்துக்கும் அவர்கள் சொல்லிவைத்த இவ்வுண்மை, உள்ளங்கையில் அடங்கும் ஒரு கைத்தொலைபேசிக்கும் பொருந்தும் என்பதைப் பட்டறிவால் உணர்ந்தவன் நான். அக்கருவியின் பெயர் நோக்கியா என்900. 2009ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் விற்பனைக்கு வந்த அது, இன்றைய கண்களுக்குப் பருமனாகவும் மந்தமாகவும் தோன்றும். அதன் செயலியின் வேகம் 600 மெகாஹெர்ட்ஸ்; நினைவகம் 256 மெகாபைட் மட்டுமே. ஆயினும் நான் அதனைப் போற்றி வைத்திருக்கிறேன். பழம்பொருள்மீது கொண்ட பற்று அதற்குக் காரணம் அன்று. ஒரு நல்ல பாடநூலைப் போல அது எனக்குக் கற்பித்துக்கொண்டே இருப்பதுதான் காரணம்.

பின்லாந்து நாட்டில், எல்சிங்கி பல்கலைக்கழக மாணவராக இருந்த லினஸ் டோர்வால்ட்ஸ் 1991ஆம் ஆண்டில் லினக்ஸ் கெர்னலை உலகுக்கு அளித்தார். கெர்னல் என்பது கணினியின் உறுப்புகளையும் அதில் ஓடும் நிரல்களையும் இணைத்து ஆளும் உட்கரு. அதே நாட்டு நிறுவனம் பதினெட்டு ஆண்டுகளுக்குப் பின் வெளியிட்ட என்900, மேமோ 5 என்னும் லினக்ஸ் இயங்குதளத்தைக் கொண்டிருந்தது. இக்கருவியில் உரிமையாளன் விரும்பினால் நிருவாகியின் அதிகாரத்தைப் பெற்று, உட்கரு வரை சென்று பார்க்கலாம். பூட்டிய பெட்டியாகவே கைக்கு வரும் தொலைபேசிகளுக்கு நடுவே இஃது ஓர் அரிய பண்பு அன்றோ?

அக்கருவியினுள், காற்றின் வழியே வலையமைப்போடு பேசுவதற்கென டெக்சஸ் இன்ஸ்ட்ருமென்ட்ஸ் நிறுவனத்தின் டபிள்யூஎல்1251 என்னும் சில்லு ஒன்று இருக்கிறது. சில்லு தானாக எதனையும் செய்துவிடாது. கெர்னல் இடும் கட்டளைகளைச் சில்லுக்குப் புரியும் வகையில் எடுத்துரைத்து, சில்லு தரும் விடையைக் கெர்னலுக்குத் திருப்பிச் சொல்லும் ஒரு நிரல் இடையில் வேண்டும். அந்நிரலையே இயக்கி என்கிறோம். இயக்கி எதனை அறியுமோ அதனை மட்டுமே சில்லு செய்யும். இயக்கிக்குத் தெரியாத ஆற்றல் சில்லில் புதைந்து கிடந்தாலும் அஃது இல்லாததற்கு ஒப்பாகும்.

தொலைபேசியோடு வந்த இயக்கி அன்றாட வாழ்வுக்கு ஏற்றது. மின்கலத்தின் கொள்ளளவு 1320 மில்லியாம்பியர் மணி மட்டுமே என்பதை அறிந்து, அது சிக்கனமாக நடந்துகொள்ளும். இயங்குதளத்தின் இணைப்பு மேலாளரோடு இசைந்து, வீட்டிலும் நூலகத்திலும் அமைதியாகத் தன் பணியைச் செய்யும். ஆனால் பயனர் தாமே வடிவமைத்த தரவுப் பொட்டலங்களைக் காற்றில் செலுத்தும் திறம் அதற்கு இல்லை. வலையமைப்பின் பாதுகாப்பை ஆராய்வோர்க்கு அத்திறம் இன்றியமையாதது. ஆகவே ஆர்வலர் ஒருவர், அதே சில்லுக்கு வேறோர் இயக்கியை எழுதி அனைவர்க்கும் அளித்தார். ‘பிளீடிங் எட்ஜ்’ என்னும் அடைமொழியோடு அது வழங்கியது. தொட்டால் குருதி கசியும் அளவுக்குக் கூரிய முனை என்பது அதன் பொருள். சோதனை நிலையில் உள்ளது, காயப்படவும் கூடும் என்னும் எச்சரிக்கை பெயரிலேயே அடங்கியிருந்தது.

சில்லு ஒன்று, இயக்கிகள் இரண்டு. ஒரு நேரத்தில் ஓர் இயக்கியே சில்லை ஆளமுடியும். புதியதை ஏற்றவேண்டுமானால் பழையதை முதலில் இறக்கவேண்டும். அதற்கும் ஒரு முறைமை உண்டு. இயக்கியானது மேக்80211 என்னும் பொதுக்கூறின்மேல் நிற்கிறது. அக்கூறோ சிஎஃப்ஜி80211 என்னும் அடித்தளத்தின்மேல் நிற்கிறது. மேலே ஒன்று நிற்கும்போது கீழுள்ளதை உருவ முயன்றால், அது பயன்பாட்டில் இருக்கிறது எனக் கெர்னல் மறுத்துவிடும். எனவே முதலில் இணைப்பைத் துண்டித்து, மாடியிலிருந்து தளம்தளமாக இறங்கி வருவது போல் ஒவ்வொன்றாக விலக்கவேண்டும். பின்னர்ப் புதிய இயக்கிக்கு உரிய கூறுகளை அடித்தளத்திலிருந்து தொடங்கி வரிசையாக ஏற்றவேண்டும். இவ்வேலைகளை நிறைவேற்ற அவ்வியக்கியோடு இரண்டு சிறு கட்டளைத் தொகுப்புகள் வந்தன. ஒன்று புதியதை ஏற்றுவதற்கு. மற்றொன்று அதனை இறக்கிப் பழையதை மீட்பதற்கு. போகும் வழியைக் காட்டியவர் திரும்பும் வழியையும் காட்டியிருந்தார் என்பதில் அவருடைய பொறுப்புணர்ச்சி எனக்குப் புலப்பட்டது.

இம்மாற்றத்தால் நான் பெற்ற பயன் யாது? 1997ஆம் ஆண்டில் வகுக்கப்பட்ட டபிள்யூஇபி என்னும் மறையாக்க முறை பழுதுடையது என்று நூல்களில் படித்திருந்தேன். ஒவ்வொரு பொட்டலத்தையும் மறைப்பதற்கு அது 24 பிட் நீளமுள்ள ஒரு மாறும் எண்ணைக் கடவுச்சொல்லோடு சேர்க்கிறது. அத்தகைய எண்கள் 1,67,77,216 மட்டுமே. ஆகவே அவை விரைவில் தீர்ந்து மீண்டும் வரத் தொடங்கும். அவ்வெண்களுள் சில, மறைபொருளின் சாயலையே வெளியே கசியவிடுகின்றன என்று புளூரர், மான்டின், ஷமீர் ஆகிய மூவர் 2001ஆம் ஆண்டில் நிறுவினர். பொட்டலங்களுக்காகச் சும்மா காத்திருந்தால் பொழுது போய்விடும். ஆனால் பிடித்த பொட்டலம் ஒன்றையே திரும்பத் திரும்பச் செலுத்தினால், அணுகுநிலையம் ஒவ்வொரு முறையும் புதிய எண்ணோடு விடை தரும். சோதனைக்கென ஒதுக்கிய என் சொந்த ரௌட்டரில் இதனைச் செய்து பார்த்தேன். நானே வைத்த கடவுச்சொல், சில மணித்துளிகளில் தொலைபேசித் திரையில் வந்து நின்றது. நூலில் படித்த அறிவு அன்றுதான் எனக்கு உறுதிப்பட்டது. 2004இல் வந்த டபிள்யூபிஏ2 முறையின் தேவையை அதற்குப்பின் எவரும் எனக்கு எடுத்துரைக்க வேண்டியதில்லை.

இதனைக் கேட்ட மாணவர் ஒருவர், “ஐயா, ஆற்றல் மிகுந்த இயக்கி கையில் இருக்க, குறைந்ததற்கு ஏன் திரும்புகிறீர்கள்? எப்போதும் அதனையே வைத்துக்கொள்ளலாமே?” என்று வினவினார். நல்ல வினா. ஆற்றலை மட்டும் அளந்தால் அவர் சொல்வது சரியே. ஆனால் அன்றாடப் பேச்சுக்கு வேண்டுவது நம்பகமும் சிக்கனமும். ஆராய்ச்சிக்கு வேண்டுவது கூர்மை. காய்கறி அரியும் கத்தியும் அறுவை மருத்துவரின் கத்தியும் இரும்பால் ஆனவையே. எனினும் பின்னதைச் சமையலறையில் போட்டு வைப்பார் இல்லை.

இதற்கும் மேலான காரணம் ஒன்று உண்டு. என் ரௌட்டரைத் திறந்த அதே கட்டளைகள், சுவருக்கு அப்பால் அடுத்த வீட்டாரின் ரௌட்டரையும் திறக்கவல்லவை. காற்றுக்குச் சுவர் இல்லை; சில்லுக்கு உறவும் அயலும் தெரியாது. இசைவின்றிப் பிறர் கணினியில் நுழைவது குற்றம் எனச் சிங்கப்பூரில் 1993ஆம் ஆண்டுச் சட்டமும், மலேசியாவில் 1997ஆம் ஆண்டுச் சட்டமும் விதித்துள்ளன. ஆனால் பூட்டிய அறையில், எவரும் காணாத நேரத்தில், விரலைத் தடுத்து நிறுத்துவது சட்டம் அன்று. அதனால்தான் புதிய இயக்கி தொலைபேசியைத் தொடங்கும்போதே ஏறிவிடும்படி நான் அமைக்கவில்லை. ஒவ்வொரு முறையும் கட்டளையை என் கையால் தட்டெழுதவேண்டும். எழுதும் அச்சில நொடிகளில், “எதற்காக?” என்னும் வினா எழுந்து விடையை எதிர்பார்த்து நிற்கும். விடை இல்லையேல் எழுதியதை அழித்துவிடுவேன்.

இத்தகைய ஆபத்து இருக்குமானால், தொலைபேசியைப் பூட்டியே விற்றிருக்கலாமே என்பார் உளர். அக்கருத்தை நான் ஏற்கவில்லை. பூட்டிய கருவியில் நன்மை செய்யும் உரிமையும் இல்லை. தீமையைத் தவிர்த்தோம் என்னும் சிறப்பும் இல்லை. மேலும், நிறுவனம் கைவிட்ட கருவிக்கு உயிர் தருவதும் அத்திறந்த கதவே. 2011ஆம் ஆண்டில் நோக்கியா வேறோர் இயங்குதளத்தை நாடிச் சென்றது. 2014இல் அதன் கைத்தொலைபேசித் தொழிலே மைக்ரோசாப்ட் வசமாயிற்று. எனினும் ஆர்வலர்கள் மேமோ லெஸ்டே என்னும் பெயரில் புதிய கெர்னலை இப்பழைய கருவியில் ஓடச் செய்துள்ளனர். பூட்டியிருந்தால் அது வெறும் கழிபொருளாய்ப் போயிருக்கும்.

ஆகவே, இயக்கியை ஏற்றும் முறையைக் கேட்டு வரும் மாணவர்க்கு நான் முதலில் கற்பிப்பது அதனை இறக்கும் முறையையே. பழைய இயக்கி மீண்டும் அமர்ந்து, வீட்டு வலையமைப்பு இணைந்ததை அவர் தம் கண்ணால் கண்ட பிறகே அடுத்த பாடத்தைத் தொடங்குவோம். ஆற்றலை எழுப்பக் கற்பதற்கு முன் அதனை அடக்கக் கற்பது, கணினிக் கல்விக்கு மட்டும் உரிய முறை அன்று எனக் கருதுகிறேன்.