பந்துக்குப் பயமாக இருந்தால் என்ன செய்வது?



லீவுக்கு வந்த பேரன் பத்து நாளும் என் போனைத்தான் வைத்திருந்தான். அவன் ஊருக்குப் போன மறுநாள் கரண்ட் பில் கட்டலாம் என்று கூகுளைத் திறந்தேன். தேடும் கட்டத்தைத் தொட்டதும் அவன் தேடியதெல்லாம் வரிசையாக வந்து விழுந்தது. எல்லாம் விளையாட்டுக் கேள்விகள்.

"டக் அவுட்டுக்கு ஏன் வாத்து?"
"சில்லி பாயின்ட் ஏன் சில்லி?"
"டென்னிஸ்ல 15, 30க்கு அப்புறம் ஏன் 45 இல்ல?"
"பிட்ச் ஏன் 22 கஜம், 20 வச்சா என்ன?"

சிரித்துக்கொண்டே படித்தேன். வாத்துக்குக் காரணம், சைபர் பார்க்க வாத்து முட்டை மாதிரி இருப்பதுதான். பேட்ஸ்மேனுக்கு அவ்வளவு கிட்டத்தில் போய் நிற்பது அசட்டுத் துணிச்சல் என்பதால் அது சில்லி. ஆனால் 22 கஜம் என்ற இடத்தில் சிரிப்பு நின்றுவிட்டது.

முப்பது வருஷத்துக்கு முன் ஒன்பதாம் வகுப்பில் ஒரு பையன் எழுந்து இதையே கேட்டான். "ஏன் சார் 22?" "பெரிய கவாஸ்கர்! போட்ட கணக்கைப் போடுடா" என்றேன். வகுப்பே சிரித்தது. அவன் உட்கார்ந்துவிட்டான். அந்த வருஷம் முழுக்க என்னிடம் வேறு கேள்வியே கேட்கவில்லை. உண்மையில் எனக்கு விடை தெரியாது. தெரியாது என்று சொல்ல வாத்தியார் கௌரவம் விடவில்லை.

பிறகுதான் படித்துத் தெரிந்துகொண்டேன். 22 கஜம் என்பது ஒரு சங்கிலி நீளம். 17ஆம் நூற்றாண்டில் எட்மண்ட் குன்ட்டர் என்ற ஆங்கிலேயக் கணித அறிஞர் நிலம் அளக்க வகுத்த 66 அடிச் சங்கிலி. அதில் 100 கண்ணிகள். பத்து சதுரச் சங்கிலி ஒரு ஏக்கர். 1744இல் எழுதிய கிரிக்கெட் விதிகளிலேயே பிட்ச் 22 கஜம்தான். நம் ஊர் சர்வேயர்களும் அந்தச் சங்கிலியைத்தான் வயலில் இழுத்துக்கொண்டு போனார்கள்.

அந்தப் பையனின் அப்பா சர்வே ஆபீசில் சங்கிலி பிடித்தவர். "எனக்குத் தெரியலடா, அப்பாகிட்ட சங்கிலி எத்தனை அடின்னு கேட்டுட்டு வா, ரெண்டு பேருமா பார்ப்போம்" என்று சொல்லியிருக்கலாம். மறுநாள் அவன் தலைநிமிர்ந்து வந்திருப்பான்.

பேரனின் கடைசித் தேடல் இது: "பந்து மேல பட்டுடும்னு பயமா இருந்தா என்ன பண்றது?"

கிரிக்கெட் கோச்சிங்கைப் படிப்புக்காக விட்டேன் என்று அவன் சொன்னபோது, பொறுப்பு வந்துவிட்டது என்று நாங்கள் எல்லோரும் மெச்சினோம். பத்து நாள் என் பக்கத்திலேயே படுத்திருந்தவன், இதை என்னிடம் கேட்காமல் போனிடம் கேட்டிருக்கிறான். போன் சிரிக்காது அல்லவா?

அன்று இரவே கூப்பிட்டேன். பயத்தைப் பற்றிப் பேச்சே எடுக்கவில்லை. 1978இல் கிரஹாம் யாலப் என்ற ஆஸ்திரேலியர் டெஸ்ட் போட்டியில் முதன்முதலாக முழு ஹெல்மெட் போட்டு இறங்கிய கதையைச் சொன்னேன். கூட்டம் கேலிக் கூச்சல் போட்டது என்றேன்.

கொஞ்ச நேரம் சத்தமில்லை. "அவருக்கும் பயமா தாத்தா?"

"அந்தப் பந்து 160 கிராம் கனம்டா. பட்டா வலிக்கும்னு அவருக்குத் தெரியும். சிரிச்சவங்களுக்குத்தான் தெரியல. இப்ப ஹெல்மெட் இல்லாம யார் இறங்குறாங்க சொல்லு?"

திரும்பப் போகிறானா என்று நான் கேட்கவில்லை. அது அவன் இஷ்டம். அவன் சரி என்று சொன்ன பிறகுதான் இதை எழுதுகிறேன்.

என் பழைய மாணவனே, இது உன் கண்ணில் பட்டால், 22 கஜம் ஒரு சங்கிலியப்பா. பதில் சொல்ல ரொம்ப நாளாகிவிட்டது. அன்று சிரிக்க வைத்ததற்கு மன்னித்துக்கொள்.

அன்புடன்,
உங்கள் கணக்கு வாத்தியார்