வயல்ல விமானம் இறங்குமா?

2025 நவம்பர் 13 அன்னிக்கு திருச்சி-புதுக்கோட்டை நெடுஞ்சாலையில, கீரனூர் பக்கம், ஒரு குட்டி விமானம் இறங்கினது ஞாபகம் இருக்கா? சேலத்துப் பயிற்சி விமானம், செஸ்னா 172. முன்பகுதி சேதம், உள்ளே இருந்த ரெண்டு பேரும் தப்பிச்சாங்க. சுத்தி இவ்ளோ வெட்டவெளி இருக்கும்போது ஏன் ரோட்ல இறக்கணும்னு கேட்கத் தோணும்.

நம்ம திருநள்ளாறு வயல்களையே எடுத்துக்குங்க. மேலேருந்து பார்த்தா பாய் விரிச்ச மாதிரி இருக்கும். கீழே வந்தா வரப்பு, வரப்பைத் தாண்டினா வாய்க்கால், சம்பா நேரத்துல சேறு வேற. செஸ்னாவோட மூக்குக்குக் கீழே ஒரு சின்ன சக்கரம் இருக்கு. அது சேத்துல புதைஞ்சாலோ வரப்புல இடிச்சாலோ வால் மேலே எழும்பி விமானம் குப்புறக் கவிழ்ந்துடலாம். அதனாலதான் மண் தரை, புல் தரையில இறங்கும்போது அந்த சக்கரத்தை முடிஞ்சவரை தூக்கியே வச்சிருக்கச் சொல்லித் தர்றாங்க.

ஆனா தரை மட்டுமே வில்லன் இல்லை. பாதி விஷயம் சக்கரம் தரையைத் தொடறதுக்கு முன்னாடியே முடிவாயிடுது. காத்துல 90 கிலோமீட்டர் வேகத்துல வர்ற விமானத்துக்கு எதிர்காத்து 18 கிலோமீட்டர்னா, தரையில வேகம் 72. அதே காத்து பின்னாடிலேர்ந்து தள்ளினா 108. வித்தியாசம் ஒன்றரை மடங்குதானேன்னு நினைக்காதீங்க. மோதுற சக்தி வேகத்தோட வர்க்கத்துல ஏறும், அதாவது 2.25 மடங்கு! கிராமத்து ஓடுபாதையில காத்து திசை காட்ட ஒரு கம்பத்துல துணிக்குழாய் கட்டி வைக்கிறது சும்மா அலங்காரத்துக்கு இல்லை.

காமர்ஸ் பசங்களுக்கு 'மார்ஜின் ஆஃப் சேஃப்டி' தெரியும். இங்கேயும் அதே கதைதான். பிரிட்டனோட விமானத்துறை ஆணையம் சிறு விமானங்களுக்குச் சொல்ற கணக்கு இது: காய்ஞ்ச புல்லுன்னா இறங்கத் தேவையான தூரத்தோட 15% கூட்டு, ஈரப் புல்லுன்னா 35% கூட்டு. அதுக்கும் மேல பொதுப் பாதுகாப்புக்குன்னு 1.43 ஆல பெருக்கு. புத்தகத்துல 400 மீட்டர்னு இருந்தா ஈரப் புல்லுல 540, பெருக்கினா சுமார் 772 மீட்டர். கிட்டத்தட்ட இரண்டு மடங்கு!

இறங்குறது சரியா வரலைன்னா மறுபடி மேலே ஏறி ஒரு சுத்து சுத்தி வரலாம். அந்த வழியும் இல்லாத இடங்கள் உண்டு. நேபாளத்துல லுக்லா ஓடுபாதை 527 மீட்டர்தான், முடிவுல மலை. கடைசி நேரத்துல மனசு மாற முடியாது. 2008 அக்டோபர் 8 அன்னிக்கு மேகமூட்டத்துல இறங்க முயன்ற ட்வின் ஆட்டர் விமானம் ஓடுபாதைக்குச் சற்று முன்னாலேயே மோதி, 19 பேர்ல 18 பேர் இறந்தாங்க.

நம்ம டெல்டா சமவெளியில மலை கிடையாது, மேலே ஏறிச் சுத்தி வர வானம் தாராளமா இருக்கு. ஈரமும் சேறும்தான் பிரச்சினை. காரைக்காலுக்கு விமான நிலையம்னு ஒரு திட்டத்துக்கு மத்திய அரசோட கொள்கை அளவிலான ஒப்புதல்கூட கிடைச்சுது. இந்தப் பக்கம் என்னிக்காவது ஒரு சின்ன ஓடுபாதை போட்டா, செலவைக் குறைக்கறவங்க கண்ணுக்கு முதல்ல உறுத்தறது அந்த 'சும்மா கிடக்கிற' கூடுதல் மீட்டர்களாத்தான் இருக்கும். மழை நாள்ல உயிரைக் காப்பாத்தப் போறது அதுதான். பட்ஜெட் போடறப்போ அதுல மட்டும் கை வைக்காதீங்க சாமி!