கரகரப்பின் பூர்வீகம்

யெஸ் குழுவின் 'ஃப்ராஜைல்' இசைத்தட்டு 1971இல் வந்தது. அதன் முதல் பாடல் 'ரவுண்டபவுட்'. அதில் கிறிஸ் ஸ்குவையரின் பேஸ் கிட்டார் உள்ளே நுழையும் இடத்தை நான் எத்தனையோ முறை திரும்பத் திரும்ப ஓடவிட்டுக் கேட்டிருக்கிறேன். பேஸ் என்றால் நம் காதுக்குப் பழக்கமானது நெஞ்சுக்கூட்டில் இடிக்கும் உருண்டையான ஒலி. இளையராஜா பாடல்களில் குரலுக்கு அடியில் தனி மெட்டாகவே ஓடுமே, அது. ஸ்குவையரின் ஒலி அந்த இனமே அல்ல. உறுமி மேளத்தின் தோலில் வளைந்த குச்சியைத் தேய்க்கும்போது கிளம்பும் இழுவையைப் போல, ஒவ்வொரு சுரமும் கரகரத்துக்கொண்டே எழுகிறது. மெல்லிசைக் குழுக்களில் பேஸ் வாசிக்கிற எனக்கு அந்த உறுமல் வேண்டும். அது எந்த ஆம்ப்ளிஃபயரில் இருக்கிறது என்று தேடத் தொடங்கினேன்.

முதல் பதில் சுலபமாகக் கிடைத்தது. ஸ்குவையர் வாசித்தது ரிக்கன்பேக்கர் கிட்டார். லண்டனில் ஓர் இசைக்கருவிக் கடையில் வேலை பார்த்த காலத்தில், 1965இல் வாங்கியது. ஆம்ப், மார்ஷல் சூப்பர் பேஸ், 100 வாட். பெயர் தெரிந்துவிட்டது. ஆனால் அந்த ஆம்பின் சர்க்யூட் வரைபடத்தைப் பார்த்தபோது அதற்கும் ஒரு பூர்வீகம் இருப்பது தெரிந்தது. ஜிம் மார்ஷல் அடிப்படையில் டிரம்ஸ் வாசிப்பவர். மேற்கு லண்டனில், ஹான்வெல் பகுதியில் கடை வைத்திருந்தார். அமெரிக்க ஆம்புகளின் இறக்குமதி விலை அவருடைய வாடிக்கையாளர்களுக்குக் கட்டுப்படியாகவில்லை. 1962இல் அவரும் அவருடைய தொழில்நுட்பக்காரர்களும் ஃபெண்டர் நிறுவனத்தின் 'பேஸ்மேன்' ஆம்பை அச்சாக வைத்துத் தங்களுடையதைச் செய்தார்கள். சூப்பர் பேஸ் அந்த வம்சத்தில் வந்தது.

பேஸ்மேன் எதற்குப் பிறந்தது? லியோ ஃபெண்டர் 1951இல் பிரிசிஷன் பேஸ் என்ற கிட்டாரை விற்பனைக்குக் கொண்டுவந்தார். அடுத்த ஆண்டே அதற்கென்று கட்டிய ஆம்ப்தான் பேஸ்மேன். ஆளுயர டபுள் பேஸைத் தூக்கிக்கொண்டு அலைந்த கலைஞர்களுக்கு, கையடக்கமான கருவியும் அது தெளிவாகக் கேட்க ஒரு பெட்டியும் கொடுப்பதுதான் அவர் எண்ணம். அந்தப் பெட்டியை அளவுக்கு மீறித் திருகினால் ஒலி உடையும். உடைந்த ஒலி பேஸ்காரர்களுக்குத் தேவைப்படவில்லை. லீட் கிட்டார்காரர்கள் அதை ஆசையாக எடுத்துக்கொண்டார்கள். ராக் கிட்டாரின் முழக்கம் என்று உலகம் கொண்டாடுவதில் பெரும்பங்கு, பேஸுக்காகச் செய்த ஒரு சர்க்யூட்டின் பிள்ளை.

வரைபடத்தை எடுத்துக்கொண்டு சென்னை ரிச்சி தெருவுக்குப் போனேன். வால்வு காலத்திலிருந்தே வேலை செய்யும் பெரியவர் ஒருவர் அங்கே இருக்கிறார். கண்ணாடியை நெற்றிக்கு ஏற்றிவிட்டு, என் கைபேசித் திரையை விரலால் பெரிதாக்கிப் பார்த்தார்.

"இது நம்ம மைக் செட் சர்க்யூட்தான் தம்பி. நாலு ஈ.எல். 34 வால்வு. ரெண்டு ரெண்டா மாத்தி மாத்தி இழுக்கும். கல்யாணத்துக்கு, திருவிழாவுக்கு எல்லாம் இந்த மாதிரிதான் ஓடிச்சு."

"அப்போ இதுல ஏன் ஐயா அந்த உறுமல் வருது?"

"எல்லாத்துலயும் வரும். கரகரக்காம பாத்துக்கறதுதான் நாங்க வாங்கின கூலியே."

அன்று மாலை வரை அவர் எனக்குப் பாடம் நடத்தினார். வால்வுக்குள் வரும் மின் அலை ஒரு வரம்புக்குள் இருந்தால் அப்படியே பெரிதாகி வெளியே போகும். வரம்பைத் தாண்டினால் அலையின் மேடும் பள்ளமும் தட்டையாகும். அப்படித் தட்டையான அலையில், வாசித்த சுரத்தோடு அதன் இரண்டு மடங்கு, மூன்று மடங்கு அதிர்வுகளும் புதிதாகச் சேர்கின்றன. பேஸில் இதற்குத் தனி மதிப்பு உண்டு. நான்கு தந்தி பேஸின் தடித்த தந்தி நொடிக்கு ஏறக்குறைய 41 முறை அதிர்கிறது. பெரும்பாலான ஸ்பீக்கர்களால் அதை முழுதாகச் சொல்ல முடியாது. 82, 123, 164 என்று மேலே அடுக்கடுக்காக நிற்கும் அதிர்வுகளைக் கேட்டுத்தான் நம் மூளை அடிச்சுரத்தைத் தானே கட்டிக்கொள்கிறது. மேலடுக்குகள் கூடினால் சுரம் கூட்டத்துக்குள்ளும் தனித்துத் தெரியும். நாம் உறுமல் என்று கேட்பதன் உடம்பு இதுதான்.

மோட்டார்ஹெட் குழுவின் லெம்மியும் மார்ஷல் சூப்பர் பேஸ்தான் வைத்திருந்தார். அதில் பேஸ் திருகையும் ட்ரெபிள் திருகையும் முழுக்க அடைத்துவிட்டு, நடுவிலிருக்கும் மிட் திருகை மட்டும் கடைசிவரை ஏற்றி வைத்து வாசித்தவர் அவர். முதலில் படித்தபோது நம்ப முடியவில்லை. பெரியவர் சொன்ன கணக்கோடு பொருத்திப் பார்த்தபோது, உறுமலின் இருப்பிடத்தைக் காதாலேயே கண்டுபிடித்தவர் என்று தோன்றியது.

தந்தியும் இதில் பங்காளி. தட்டையான நாடா சுற்றிய தந்திகள்தான் அறுபதுகளின் நடுப்பகுதி வரை பேஸில் பெரும்பாலும் இருந்தன. அவற்றில் மேலடுக்குகள் சீக்கிரம் அடங்கிவிடும். தி ஹூ குழுவின் ஜான் என்ட்விஸ்டலுக்கு அது போதவில்லை. 1966இல் ரோட்டோசவுண்ட் நிறுவனத்தின் ஜேம்ஸ் ஹௌவுடன் சேர்ந்து, உருண்டைக் கம்பி சுற்றிய தந்தியைத் தன் காதுக்கு ஏற்பச் சரிசெய்துகொண்டார். பியானோவின் கீழ்த்தந்திகளைப் போல அது கணீரென்று ஒலித்தது. ஸ்குவையரும் இந்தத் தந்திகளைத்தான் மாட்டினார். கெட்டியான பிக்கால் அடித்து வாசித்தார். வால்வுக்குள் போகும் முன்பே பாதி உறுமல் அங்கே தயார்.

இன்னும் பின்னால் போனால் நாஷ்வில் நகரம். மார்ட்டி ராபின்ஸ் 1961இல் வெளியிட்ட 'டோன்ட் வொரி' பாடலின் நடுவில், கிரேடி மார்ட்டின் வாசித்த ஆறு தந்தி பேஸ் திடீரென்று கிழிந்த குரலில் பேசுகிறது. ஒலிப்பதிவு மேசையின் ஒரு சேனலில் டிரான்ஸ்ஃபார்மர் பழுதாகியிருந்தது. அந்தப் பதிவை அழிக்காமல் அப்படியே விட்டார்கள். பாடல் வெற்றி பெற்றது. ஒலிப்பதிவாளர் கிளென் ஸ்னாடி அதே கரகரப்பைத் தரும் ஒரு சிறு பெட்டியை வடிவமைக்க, கிப்சன் நிறுவனம் 1962இல் 'மேஸ்ட்ரோ ஃபஸ்-டோன்' என்று அதைக் கடைக்குக் கொண்டுவந்தது. கிட்டார்காரர்கள் இன்று காலால் மிதிக்கும் ஃபஸ் பெட்டிகளுக்கெல்லாம் மூத்தது அது. பேஸ் வாசிப்பவன் என்ற முறையில் இதைப் பெருமையாகவே சொல்கிறேன்: கதை ஒரு பேஸில் தொடங்குகிறது.

ஆனால் என்னை மிகவும் பாதித்தது ஆம்பெக் நிறுவனத்தின் வரலாறு. அதைத் தொடங்கிய எவரெட் ஹல் டபுள் பேஸ் வாசித்தவர். அந்தக் கருவியைத் தரையில் தாங்கும் அடிமுளைக்குள் மைக்கைப் பொருத்தலாம் என்று நாற்பதுகளில் கண்டவர். நிறுவனத்தின் பெயரிலுள்ள 'பெக்' அந்த முளைதான். அவருக்கு வேண்டியது ஜாஸ் கச்சேரியில் மரத்தின் ஒலி மாசில்லாமல் கேட்பது. ராக் இசையும் அதன் உடைந்த ஒலியும் அவருக்கு ஆகவே ஆகாது. அவரிடம் வேலை செய்த ஜெஸ் ஆலிவர் 1960இல் உருவாக்கிய பி-15 ஆம்பை மோட்டவுன் இசை நிறுவனத்தின் பேஸ் கலைஞர் ஜேம்ஸ் ஜேமர்சன் மேடைகளில் வைத்துக்கொண்டார்; அதன் இதமான ஒலிக்கு ஈடு எனக்குத் தெரிந்து இல்லை.

ஹல் 1967இல் நிறுவனத்தை விற்றார். 1969இல் அதே ஆம்பெக்கிலிருந்து எஸ்.வி.டி. வெளிவந்தது. 14 வால்வுகள், 300 வாட். பெரிய அரங்குகளை நிரப்ப எட்டு 10 அங்குல ஸ்பீக்கர்கள் கொண்ட மூடிய பெட்டிகள். ரோலிங் ஸ்டோன்ஸ் அந்த ஆண்டு அமெரிக்கப் பயணத்துக்கு ஒத்திகை பார்த்துக்கொண்டிருந்தபோது அவர்களுடைய ஆம்புகள் பழுதாக, இன்னும் சந்தைக்கு வராத முன்மாதிரி எஸ்.வி.டி.கள் அவர்களிடம் போயின. பேஸ் மட்டுமல்ல, கிட்டார்களும் அவற்றில் ஓடின. இன்றைக்கும் பேஸ் உறுமல் என்றால் பலர் முதலில் சொல்லும் பெயர் எஸ்.வி.டி. அதன் எட்டு ஸ்பீக்கர் பெட்டியின் விவரத் தாளில் கீழ் எல்லை 58 ஹெர்ட்ஸ் என்று இருக்கிறது. தடித்த தந்தியின் 41 அந்த எல்லைக்குக் கீழே. மேலடுக்குகளின் பெட்டி அது. கரகரப்பே கூடாது என்று உழைத்த ஒருவரின் பட்டறைப் பெயரைத் தாங்கி அது வந்தது என்பதை நினைக்கும்போதெல்லாம் எனக்கு ஹல் மீது மரியாதைதான் கூடுகிறது. கரகரப்பு எங்கெல்லாம் ஒளிந்திருக்கிறது என்று அறிந்து விரட்டியவர் அவர். ஆம்ப் செய்கிறவனுக்கு முதலில் வேண்டியது அந்த அறிவு.

எஸ்.வி.டி. வாங்க என்னால் முடியாது. ஒருவர் தனியாகத் தூக்கக்கூடிய பாரமும் அல்ல. ரிச்சி தெருப் பெரியவரிடமே கேட்டேன். பழைய மைக் செட் ஒன்றின் இரும்புச் சட்டமும் மெயின் டிரான்ஸ்ஃபார்மரும் அவரிடம் இருக்கின்றன. இரண்டு ஈ.எல். 34 போதும் என்கிறார். அவுட்புட் டிரான்ஸ்ஃபார்மரை மட்டும் பேஸுக்கு ஏற்பக் கனமான உள்ளகத்தில் புதிதாகச் சுற்ற வேண்டும். பழையது பேச்சுக்குச் செய்தது, கீழ்ச்சுரத்தில் திணறும். நான்கு 10 அங்குல ஸ்பீக்கர்களுக்கு, பின்பக்கம் அடைத்த பெட்டியைத் தச்சரிடம் சொல்லியாகிவிட்டது. பெரியவர் போட்ட நிபந்தனை ஒன்றுதான். முதலில் அவர் முன்னால், குறைந்த ஒலியில், ஒரு பொட்டுக் கரகரப்பும் இல்லாமல் அது பாட வேண்டும். அதற்குப் பிறகு வால்யூம் திருகு என் பொறுப்பு.