எங்கள் வீட்டுக் கொல்லை

எங்கள் வீட்டுக் கொல்லை முழுவதையும் சிமெண்ட் போட்டு மூடிவிடுவது என்று அப்பா முடிவு செய்தது 2024-ஆம் ஆண்டு பொங்கல் விடுமுறையில். அவரைக் குறை சொல்வதற்கில்லை. அதற்கு முந்திய மாதம் 17, 18 தேதிகளில் பெய்த பேய்மழையைத் தூத்துக்குடிக்காரர் எவரும் மறந்திருக்க மாட்டார்கள். காயல்பட்டினத்தில் ஒரே நாளில் ஏறத்தாழ 95 செ.மீ. மழை பதிவாயிற்று. எங்கள் வீட்டில் முழங்கால் அளவு நின்ற நீர் வடிந்தபோது, கொல்லையில் நான்கு விரற்கடைக் கனத்துக்குச் சேறு படிந்திருந்தது. பாட்டியின் கனகாம்பரமும் அம்மாவின் பிச்சிக் கொடியும் அதற்குள் போய்விட்டன. “இனி மண்ணும் வேண்டாம், செடியும் வேண்டாம். தளம் போட்டால் கழுவியாவது விடலாம்” என்றார் அப்பா. மறுவாரமே சிமெண்ட் மூட்டைகள் வந்து இறங்கின.

நாங்கள் அக்கா, தங்கை இருவர். ஓராண்டு தவணை கேட்டோம். அடுத்த பொங்கலுக்குள் கொல்லை ஒழுங்காகாவிட்டால் எங்கள் கையாலேயே மணல் சலித்துத் தருவதாக வாக்களித்தோம். அப்பா சிரித்துக்கொண்டே மூட்டைகளைத் தார்ப்பாயால் மூடி ஒரு மூலையில் அடுக்கினார். பள்ளிக்குப் போகும்போதும் வரும்போதும் அந்தத் தார்ப்பாய் எங்களை முறைத்துக்கொண்டே இருந்தது.

அவசரம் யாரை விட்டது? உண்டியலை உடைத்து எடுத்த பணத்தில் ரோஜா, குண்டுமல்லி, கறிவேப்பிலை, குரோட்டன்ஸ் என்று பதினொரு கன்றுகள் வாங்கி வந்தோம். விற்றவர், “எந்த மண்ணிலும் வரும்” என்று சொன்னதை அப்படியே நம்பினோம். காலையும் மாலையும் ஆழ்குழாய்த் தண்ணீரைத் தெளித்தோம். பங்குனி முடிவதற்குள் இலைகளின் ஓரம் தீப்பட்டது போலக் கருகிச் சுருண்டது. வெயிலின் கொடுமை என்று எண்ணி இன்னும் அதிகமாகத் தெளித்தோம். ஒன்பது கன்றுகள் செத்தன! தார்ப்பாயைப் பார்க்கவே பயமாக இருந்தது.

திண்ணையில் இருந்த பாட்டி அப்போதுதான் வாயைத் திறந்தார்: “ஏட்டி, செடி வாங்குறதுக்கு முன்னால தண்ணிய நாக்குல வச்சுப் பாத்தீங்களாட்டி?” பார்த்தோம். ஒரே உப்பு! பள்ளியில் அறிவியல் சொல்லித்தரும் சிஸ்டரிடம் கேட்டபோது காரணம் விளங்கியது. மண்ணில் உப்பு மிகுந்தால், ஈரம் இருந்தும் வேரால் அதை உறிஞ்ச முடியாது. தினமும் கொஞ்சமாகத் தெளிப்பது அதைவிடக் கேடு. நீர் ஆவியாகிப் போக, உப்பு மட்டும் மேல்மண்ணில் தங்கி நாளுக்கு நாள் சேர்ந்துவிடுகிறது. உப்புத் தண்ணீரைத்தான் விட வேண்டும் என்றால் சில நாட்களுக்கு ஒருமுறை, வேருக்குக் கீழே உப்பு இறங்கும்படி நிறைய விட வேண்டும். தொட்டியில் வைத்த செடிக்கு அடித்துளை அடையாமல் பார்த்துக்கொள்ள வேண்டும்.

தோழியரே, அதன் பிறகு நாங்கள் முதலிலிருந்து தொடங்கினோம். இம்முறை நர்சரிக்குப் போகவில்லை. ஓரடி ஆழக் குழி ஒன்று தோண்டி, ஒரு வாளி நீரை ஊற்றி, கடிகாரத்துடன் உட்கார்ந்தோம். கீழே மணல்தான், நீர் மளமளவென்று இறங்கிவிட்டது. ஆனால் குழி தோண்டாத இடத்தில் ஊற்றிய நீர் அப்படியே நின்றது. வெள்ளம் விட்டுச் சென்ற சேறு காய்ந்து ஓடுபோல மூடியிருந்ததே காரணம். கோடை விடுமுறை முழுவதும் அந்த ஓட்டை உடைத்து, அடிமணலோடும் மட்கிய சாண எருவோடும் கலந்தோம். கைகள் கொப்புளித்தன. வெறும் மணலாக இருந்த இடத்துக்கு அந்தச் சேறு நல்ல உரமான மண்ணாக அமைந்தது என்பதையும் இங்கே சொல்லிவிட வேண்டும்.

அடுத்து, எதை எங்கே வைப்பது? பாட்டியின் கோலப்பொடி டப்பா எங்களுக்கு வரைபடத்தாள் ஆயிற்று. முதலில் செடிகளை வரையவில்லை, நடையை வரைந்தோம். அடுக்களை வாசலிலிருந்து துவைகல்லுக்கும், அங்கிருந்து துணிக்கொடிக்கும், சைக்கிள் நிறுத்துமிடத்துக்கும் அம்மா எப்படி நடக்கிறார் என்று இரண்டு நாள் கவனித்துக் கோடு போட்டோம். அம்மா என்றுமே நேர்வழியில்தான் நடக்கிறார். அழகுக்காக வளைத்துப் போடும் பாதையை மறுநாளே மிதித்து நேராக்கிவிடுவார். கோட்டுக்கு வெளியே மிஞ்சியது மட்டுமே செடிகளுக்கு. மலக்குழித் தொட்டியின் பக்கம் மரம் எதுவும் வேண்டாம் என்று விட்டுவிட்டோம். வேர் உள்ளே புகுந்துவிடும்.

எங்கள் படுக்கையறைச் சுவர் மேற்குப் பார்த்தது. பிற்பகல் வெயிலில் அது அடுப்புக்கல்லாகிவிடும். எனவே ஒரே ஒரு மரத்துக்குத்தான் இடம் என்றால் அது மேற்கில்தான் என்று முடிவு செய்தோம். சுவரிலிருந்து பன்னிரண்டு அடி தள்ளிப் பூவரசு. உப்புக்கும் கடற்காற்றுக்கும் அஞ்சாத மரம் அது. விலை கொடுத்து வாங்கவும் வேண்டாம். மணிக்கட்டுப் பருமனில் ஒரு போத்தை வெட்டி நட்டால் துளிர்த்துவிடும். ஆனி, ஆடியில் மேல்காற்று எங்கள் ஊரில் புழுதியை வாரி இறைக்கும் என்பதால், அவசரப்படாமல் ஐப்பசியின் முதல் மழைக்குக் காத்திருந்து நட்டோம்.

முருங்கை வேண்டும் என்று அம்மா பிடிவாதம் பிடித்தார். வீட்டு முன்னால் முருங்கை ஆகாது என்பார்கள் பெரியவர்கள். கிளை சட்டென்று முறிவதையும், மழைக்காலத்தில் கம்பளிப்பூச்சி மொய்ப்பதையும் பார்த்தால் அதன் நியாயம் புரிகிறது. சன்னல்களுக்குத் தொலைவில் வைத்தோம். மீன் கழுவிய நீர் அதற்கே போகிறது. அத்துடன் தெருப்பூனைகளும் வந்து சேர்ந்தன, அது வேறு கதை. துவைகல்லின் சோப்பு நீர் ஓடும் வழியில் கல்வாழை. வேலியோரம் நித்தியகல்யாணியும் காகிதப்பூவும் உப்பு நீரிலேயே சிரிக்கின்றன. அரளியும் நன்றாகவே வரும். ஆனால் அதன் இலை, பூ, விதை எல்லாம் நஞ்சு. சித்தியின் கைக்குழந்தை அடிக்கடி வரும் வீடு என்பதால் வைக்கவில்லை.

குண்டுமல்லிக்கு மட்டும் நல்ல தண்ணீர் வேண்டுமே? அப்பா கணக்குப் பார்ப்பவர். ஆகவே கணக்கோடு போனோம். எங்கள் மாடி 600 சதுர அடி. ஒரு சென்டிமீட்டர் மழை பெய்தாலே அதன் மேல் ஏறத்தாழ 550 லிட்டர் விழுகிறது. 2003-இல் தமிழகமெங்கும் மழைநீர் சேகரிப்பு கட்டாயமாக்கப்பட்டபோது இறக்கிய குழாய் எங்கள் சுவரில் சும்மா தொங்கிக்கொண்டிருந்தது. அப்பா காகிதத்தை இரண்டு முறை சரிபார்த்தார். மறுநாள் ஆயிரம் லிட்டர் தொட்டி ஒன்றை அவரே கொண்டுவந்து குழாயடியில் வைத்து, வாயில் வலை கட்டினார். முதல் மழையின் அழுக்கு நீரை வெளியே விட்டுவிட வேண்டும் என்பதை மட்டும் நாங்கள் நினைவூட்டினோம்.

அந்த ஐப்பசியில் ஒருநாள் மாலை நல்ல மழை. முன்வாசல் தளத்தில் தேங்கிய நீரை அப்பா விளக்குமாற்றால் தள்ளிக்கொண்டிருந்தார். கொல்லையில் ஒரு சொட்டுக்கூட நிற்கவில்லை. 2023-ஐப் போன்ற வெள்ளம் வந்தால் எங்கள் கொல்லையால் தடுக்க முடியாது. அதை நாங்களும் அறிவோம். அப்பா விளக்குமாற்றோடு பின்பக்கம் வந்து சற்று நேரம் பார்த்தார். ஒன்றும் சொல்லவில்லை.

பொங்கல் வந்தது. தார்ப்பாயைப் பிரித்து, துவைகல்லைச் சுற்றி மட்டும் தளம் போட்டார் அப்பா. அடியில் இருந்த இரண்டு மூட்டைகள் ஈரத்தில் இறுகிக் கல்லாகியிருந்தன. அவற்றை உருட்டிப் பூவரசங்கன்றின் பக்கம் போட்டோம். இப்போது அந்த மரம் எங்களைவிட உயரம். அதன் நிழலில் சிமெண்ட் கல்லின் மேல் உட்கார்ந்துதான் பாட்டி முருங்கைக் கீரை ஆய்கிறார். சித்தியின் குழந்தைக்கு இலையைச் சுருட்டிப் பீப்பி செய்து ஊதியும் காட்டுகிறார்.