பழைய கணக்கு

“வூட்டுக்காரர் வரலையாம்மா?”

பட்டறை வாசலில் வண்டியை நிறுத்தி இறங்கும்போதெல்லாம் முதலில் வருகிற கேள்வி இதுதான். வண்டிக்கு என்ன என்பது இரண்டாவது கேள்வி. ஓட்டி வந்தவள் நான். ஆர்.சி. புத்தகத்தில் இருப்பது என் பெயர். தவணை கட்டுவதும் நான். என் கணவர் திருப்பூரில் பனியன் கம்பெனியில் வேலை பார்க்கிறார். அவருக்கு வண்டி ஓட்டவே தெரியாது. இதையெல்லாம் ஒவ்வொரு முறையும் சொல்லி முடித்த பிறகுதான் பேனட் திறக்கும்.

எங்கள் ஊர் கச்சிராயபாளையத்துக்குப் பக்கம், கல்வராயன் மலை அடிவாரம். ஐந்து வருடத்துக்கு முன் ஒரு பழைய டீசல் பிக்கப் வாங்கினேன். முன்பணத்துக்கு மகளிர் சுயஉதவிக் குழுவில் கடன் எடுத்தேன். குழுவில் பன்னிரண்டு பேர். நான் தவணை தவறினால் மற்ற பதினோரு பேரின் அடுத்த கடனும் தள்ளிப்போகும். வண்டி நின்றால் என் பிழைப்பு மட்டும் நிற்பதில்லை.

மலைக்கு ஏறும்போது சிமெண்ட், உரம், மளிகைச் சாமான். இறங்கும்போது மரவள்ளிக் கிழங்கு, சாமை, கடுக்காய். கிழங்கைப் பிடுங்கிவிட்டால் நாள் கடத்த முடியாது. சேகோ ஆலையில் மாவுச்சத்துப் பாயிண்ட் பார்த்துத்தான் விலை போடுவார்கள். வெள்ளிமலைப் பக்கம் மலையாளிப் பழங்குடிப் பெண்கள் நாளெல்லாம் குனிந்து பிடுங்கிய கிழங்கு என் வண்டியின் தாமதத்தால் வாடினால், அவர்கள் காசுதான் குறையும்.

போன மார்கழியில் ஒருநாள் இருபத்தைந்து மூட்டை சிமெண்ட் ஏற்றிக்கொண்டு போனேன். 1,250 கிலோ. பக்கத்து சீட்டில் கைக்குழந்தையோடு ஓர் அக்கா. கள்ளக்குறிச்சியில் ஆஸ்பத்திரிக்குப் போய்விட்டு கரியாலூருக்குத் திரும்பிக்கொண்டிருந்தார். ஒரு கொண்டை ஊசி வளைவில் இழுவை செத்துப்போனது. முதல் கியரில் முழுசாக மிதித்தும் எஞ்சின் முனகிவிட்டு நின்றது. பிரேக் பிடிப்பதற்குள் வண்டி இரண்டடி பின்னால் உருண்டது. நான் வாய் திறக்கும் முன்பே அந்த அக்கா குழந்தையை இடுப்பில் இடுக்கிக்கொண்டு இறங்கி, பின் சக்கரத்துக்கு ஒரு கல்லைக் காலால் தள்ளி அண்டக் கொடுத்திருந்தார்.

டவுனில் ஒரு பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனோம். இன்ஜெக்டராக இருக்கலாம் என்றார்கள். டீசலைப் பொடிப்பொடியாகச் சீறி சிலிண்டருக்குள் தெளிக்கும் குழல்தான் இன்ஜெக்டர். நாலு சிலிண்டருக்கு நாலு. அதில் எது கெட்டது என்று பார்க்க ஓர் எளிய சோதனை உண்டு. ஒவ்வொரு இன்ஜெக்டரும் கொஞ்சம் டீசலைத் தெளிக்காமல் டேங்குக்கே திருப்பி அனுப்பும். அந்தத் திரும்பு குழாயைக் கழற்றி, சலைன் டியூப் போன்ற குழாய் செருகி, நாலு பாட்டிலில் விட்டு எஞ்சினை ஓட்டுவார்கள். நல்ல இன்ஜெக்டரின் பாட்டில் மெல்ல நிறையும். தேய்ந்ததன் பாட்டில் சீக்கிரம் நிறைந்துவிடும். திரும்பிப் போகிற டீசல் அதிகமானால் தெளிக்கத் தேவையான அழுத்தம் நிற்காது. ஏற்றத்தில் இழுவை செத்ததற்குக் காரணம் அதுதான்.

“அங்க சேர்ல போயி உக்காருங்கம்மா” என்றார்கள். உட்காரவில்லை. ஃபேன் பெல்ட் பக்கத்திலிருந்து எண்ணினால் இரண்டாவது, மூன்றாவது பாட்டில் நிறைந்ததை நானே பார்த்தேன். போனில் படமும் எடுத்தேன். புது இன்ஜெக்டர் இரண்டும் வந்தபோது, மளிகைப் பாக்கெட்டில் தேதி பார்க்கிற பழக்கத்தில் அவற்றின் தலையையும் திருப்பிப் பார்த்தேன். எழுத்தும் எண்ணும் கலந்து பொடியாக ஒரு வரி பொறித்திருந்தது. இரண்டிலும் வேறு வேறு. மாட்டுவதற்கு முன் அதையும் படம் எடுத்துக்கொண்டேன். எதற்கு என்று அப்போது எனக்கே தெரியாது. செலவு நாலு மாதத் தவணைக்குச் சமமாக ஆனது.

இழுவை திரும்பியது. ஆனால் எஞ்சின் கடகடவென்று தட்டத் தொடங்கியது. நின்ற இடத்தில் உடம்பு நடுங்குகிற மாதிரி நடுங்கியது. பாரத்தோடு ஏறினால் கரும்புகை. லிட்டருக்கு 13 கிலோமீட்டர் கொடுத்த வண்டி 10 கொடுத்தது.

திரும்பப் போனேன். “மலை ரோட்ல லேடீஸ் ஓட்டுனா அப்படித்தாம்மா. நீங்க கியர் மாத்துறது லேட்டு” என்றார்கள். இரண்டாவது முறை, டீசல் சரியில்லை என்றார்கள். மூன்றாவது முறை, வண்டியை வித்துடுங்க என்றார்கள். மூன்று முறையும் எஞ்சினைக் கேட்டதைவிட என்னைத் திருத்தியதுதான் அதிகம். கொஞ்ச நாள் நானும் நம்பினேன். வளைவுக்கு முன்பே கியரைக் குறைத்துப் பார்த்தேன். பாரம் குறைத்து ஏற்றினேன். அதனால் வருமானமும் குறைந்தது. குழுக் கூட்டத்தில் யாரும் எதுவும் கேட்கவில்லை. அந்த மௌனம்தான் என்னைத் தூங்க விடவில்லை.

என்னிடம் ஒரு கணக்கு நோட்டு உண்டு. தேதி, டீசல், கிலோமீட்டர், என்ன பாரம், எங்கே கியர் மாற்றினேன் என்று எழுதுவேன். குழுவுக்குக் கணக்குக் காட்ட ஆரம்பித்த பழக்கம். ஒரு ராத்திரி அதை முதலிலிருந்து புரட்டினேன். ஐந்து வருடமாக நான் அதே இடத்தில்தான் கியர் மாற்றியிருக்கிறேன். மைலேஜ் இறங்கியது இன்ஜெக்டர் மாற்றிய மறுநாளிலிருந்து. நோட்டில் இது பச்சையாக இருந்தது. என் ஓட்டலை நானே சந்தேகப்பட்டதால் அதுவரை அதைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

பிறகு படித்தும் கேட்டும் தெரிந்துகொண்டதைச் சொல்கிறேன். இப்போதைய டீசல் வண்டியில் எவ்வளவு எண்ணெய், எந்த நொடியில் என்று முடிவு செய்வது ஈ.சி.எம். என்கிற கம்ப்யூட்டர். கார் டயரில் இருக்கிற காற்றழுத்தம் இரண்டு பாருக்குச் சற்று மேல். இந்த எஞ்சின்களில் டீசல் நிற்கும் அழுத்தம் 1,600 பார் வரைக்கும் போகும். (அதனால்தான் ஓடுகிற எஞ்சினில் அந்தக் குழாயைத் தளர்த்தவே கூடாது, சீறுகிற டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும்.) எஞ்சின் நிமிடத்துக்கு 2,000 சுற்று ஓடினால் ஒரு சிலிண்டரில் மட்டும் நிமிடத்துக்கு 1,000 முறை எரிய வேண்டும். ஒவ்வொரு முறையும் சத்தம் குறைய முதலில் ஒன்றிரண்டு கன மில்லிமீட்டர் மட்டும் தெளித்து, பிறகு மீதியைத் தெளிக்கும்.

இவ்வளவு நுணுக்கத்தில் ஒரே அச்சில் வந்த இரண்டு இன்ஜெக்டர்கூட ஒரே மாதிரி தெளிக்காது. ஒன்று கொஞ்சம் கூட, ஒன்று கொஞ்சம் குறைவு. ஆலையில் ஒவ்வொன்றையும் சோதித்து அந்த வித்தியாசத்தைத்தான் அதன் தலையில் கோடாகப் பொறிக்கிறார்கள். இன்ஜெக்டரை மாற்றினால் அந்தக் கோடை ஸ்கேனர் வழியாக ஈ.சி.எம்.முக்குச் சொல்ல வேண்டும். சொல்லாவிட்டால், கழற்றிப் போட்ட பழைய இன்ஜெக்டரின் கணக்கை வைத்துக்கொண்டே அது புதியதை ஓட்டும். நின்று ஓடும்போது சிலிண்டர்களின் வேகத்தைப் பார்த்து ஒன்றுக்குக் கூட்டியும் ஒன்றுக்குக் குறைத்தும் ஓரளவு சமாளிக்கும். பாரம் ஏறும்போது அந்தச் சமாளிப்பு போதாது.

சேலத்தில் ஸ்கேனர் வைத்து வேலை பார்க்கும் ஒரு தம்பியிடம் போனேன். அவர் கேட்ட முதல் கேள்வி, “கோடு ஏத்துனாங்களாக்கா?” என் வீட்டுக்காரரைப் பற்றி அவர் கேட்கவில்லை என்பது ரொம்ப நேரம் கழித்துத்தான் எனக்கு உறைத்தது.

ஸ்டியரிங்குக்குக் கீழே பதினாறு பின் சாக்கெட்டில் வயரைச் செருகினார். திரையில் இரண்டாம் சிலிண்டருக்கு மைனஸ் 2.6, மூன்றாவதற்கு பிளஸ் 2.3 என்று திருத்தம் காட்டியது. ஈ.சி.எம்.மில் இருந்த கோடுகளை என் போன் படத்தோடு ஒப்பிட்டோம். நாலும் பழையதுதான். பட்டறைக்குப் போன் போட்டு எந்தெந்த சிலிண்டர் மாற்றினார்கள் என்று கேட்டார். ஒன்றும் மூன்றும் என்றார்கள். “இல்ல தம்பி, ரெண்டும் மூணும்” என்றேன். அவர் தயங்கினார். பாட்டில் படத்தைக் காட்டினேன். மறு பேச்சில்லாமல் இரண்டிலும் மூன்றிலும் ஏற்றினார். சாவியை அணைத்துக் கொஞ்ச நேரம் விட்டு மறுபடி ஸ்டார்ட் செய்தபோது தட்டுகிற சத்தம் இல்லை. திருத்தம் நாலிலும் அரைக்குள் வந்து நின்றது. மொத்தம் இருபது நிமிட வேலை.

சந்தோஷத்தைவிட முதலில் வந்தது கோபம். மூன்று மாதம் குறைத்து ஏற்றிய பாரத்தின் காசு யார் கணக்கில் சேரும்?

1888 ஆகஸ்டில் பெர்தா பென்ஸ் என்ற ஜெர்மானியப் பெண், கணவரிடம் சொல்லாமல் இரண்டு மகன்களோடு மூன்று சக்கர மோட்டார் வண்டியில் மான்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு நூறு கிலோமீட்டருக்கு மேல் ஓட்டிப் போனார். உலகத்தில் காரில் போன முதல் நெடும்பயணம் அது. வழியில் எண்ணெய்க் குழாய் அடைத்துக்கொண்டபோது தொப்பி ஊசியால் குத்தி அடைப்பை எடுத்தார். அந்தத் தொழிலில் அவருடைய சீதனப் பணமும் இருந்தது. 1886இல் எடுத்த காப்புரிமையில் அவர் பெயர் இல்லை. எண்ணெய்க் குழாய்க்கும் பெண்ணின் கைக்கும் உள்ள உறவு மோட்டார் வண்டி அளவுக்கே பழையது. பட்டறைகளில் இன்னும் அந்தப் பழைய கணக்குதான் ஓடுகிறது.

டவுன் பட்டறைக்குப் போய் ஸ்கேனர் செலவைக் கேட்டேன். தரவில்லை. ஆனால் கோடு ஏற்றவில்லை என்பதை ஒரு தாளில் எழுதிக் கையெழுத்துப் போடும் வரை பேனட்டைத் திறந்து வைத்துக்கொண்டு வாசலிலேயே நின்றேன். அதை நோட்டில் ஒட்டி வைத்திருக்கிறேன்.

போன வாரம் மறுபடி இருபத்தைந்து மூட்டையோடு அந்த வளைவைத் தாண்டினேன். வழக்கமான இடத்தில்தான் கியர் மாற்றினேன். பக்கத்து சீட்டில், வண்டி ஓட்டக் கற்றுக்கொள்ளும் எங்கள் குழுப் பெண் ஒருத்தி. நோட்டை மடியில் வைத்துக்கொண்டு, “நாலு இன்ஜெக்டர் கோடையும் நானும் எழுதி வெச்சிக்கிறேன்க்கா” என்றாள். எழுதிக்கொள் என்றேன். எது எந்த சிலிண்டர் என்பதையும் சேர்த்து எழுதச் சொன்னேன்.